இடைவெளி இறைவனுக்கு இருக்கையா?

"உயிரைப் படைத்துக் காட்டுமா உங்கள் விஞ்ஞானம்?" - பகுத்தறிவு பேசும் இளைஞனை நோக்கிப் பழமை விரும்பிகள் வீசும் கடைசி வேல் இது. மற்ற வேல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. கிரகணத்தன்று பாம்பு ஞாயிற்றை விழுங்குகிறது என்று கூறினால் இன்று பள்ளிப் பிள்ளையும் நகைக்கும். பெரியம்மை அன்னையின் சீற்றம் என்று கூறியோர், அந்நோய் உலகைவிட்டே ஒழிந்தது என்று 1980-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபின் பேச்சை மாற்றிக்கொண்டனர். இடி இந்திரன் ஆயுதம் என்போர், தம் கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கி பொருத்தத் தவறுவதில்லை! எஞ்சியிருப்பது இந்த ஒரு வேல். எஞ்சியது என்பதாலேயே அதனைக் கூர் தீட்டித் தீட்டி எறிகின்றனர்.

வேல் பாய்ந்ததும் நம் தோழர்களிற் சிலர் தடுமாறுகின்றனர். சிலர் வாயடைத்து நிற்கின்றனர். வேறு சிலர், "ஏன், படைத்தாயிற்றே! 1953-லேயே அமெரிக்காவில் கண்ணாடிக் குடுவைக்குள் உயிரைப் படைத்துவிட்டார்களே!" என்று முழங்குகின்றனர். கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் கூறியது உண்மையன்று. வாயடைப்பும் தவறு, முழக்கமும் தவறு. முன்னது, இல்லாத தோல்வியை ஒப்புக்கொள்வது. பின்னது, இல்லாத வெற்றியைக் கொண்டாடுவது. எதிரியின் கையில் நாமே கொடுக்கும் வாள்கள் இவை.

தோழர்களே! ஆய்வுக் கூடத்தில் நடந்தது எது, நடவாதது எது - இரண்டையும் துலாக்கோலில் நிறுத்துச் சொல்லத் தெரிந்தவனே மேடையில் நிலைப்பான். அப்படி நிறுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்: அறிவு இன்னும் எட்டாத இடைவெளி, ஆண்டவன் அமர்ந்திருக்கும் அரியாசனம் அன்று, அறிஞன் வியர்வை சிந்தும் பட்டறை. இதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில், இந்த இடைவெளி எங்கே இருந்தது, எங்கே நகர்ந்து வந்துள்ளது என்பதைப் பார்ப்போம்.

உயிர் உயிரற்றதிலிருந்து தோன்றுமா என்று கேட்டால் இன்று சினந்தெழும் வைதீகர், முன்னாளில் என்ன கூறினர்? கருப்பையில் தோன்றுவன, முட்டையில் தோன்றுவன, வித்தில் தோன்றுவன என்று வகுத்துவிட்டு, நான்காவதாக, "வேர்வையில் தோன்றுவன" என்று ஒரு வகையையும் வைத்தனர். பேனும் புழுவும் வேர்வையிலும் அழுக்கிலும் தாமே முளைக்கும் என்று நம்பினர். மேலை நாட்டிலும் அதே கதைதான். அரிஸ்டாட்டில் கூறினார், ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக அறிஞர் நம்பினர். சாணியிலிருந்து புழு வந்தபோது கெடாத ஆத்திகம், வேதிப் பொருள்களும் வாயுக்களும் சேர்ந்து உயிரணுவாயின என்றால் மட்டும் கெட்டுப்போவது ஏன்?

அந்நம்பிக்கையை உடைத்தது எது? சாத்திரமா? இல்லை, சோதனை. 1668-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகளைக் கலங்களில் இட்டார். சில கலங்களைத் திறந்தபடி விட்டார். சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த கலத்தில் புழு நெளிந்தது. கட்டிய கலத்தில் இல்லை. ஈ முட்டையிட்டால்தான் புழு. இறைச்சி புழுவை ஈனுவதில்லை! "புழு போகட்டும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்?" என்றனர். இங்கிலாந்துப் பாதிரியார் நீடம், காய்ச்சிய சாற்றிலும் அவை தாமே தோன்றுவதாகக் கூறினார். மற்றொரு பாதிரியார், இத்தாலியர் ஸ்பல்லன்சானி, சாற்றை நெடுநேரம் காய்ச்சி, குடுவையின் கழுத்தையே உருக்கி மூடி, நுண்ணுயிர் தோன்றாமையைக் காட்டினார். இருவரும் பாதிரிமார்; ஒருவரை மற்றவர் மறுத்தது வேதத்தால் அன்று, வெந்நீரால்! மெய்ப்பொருள் யார் கையால் வரினும் மெய்ப்பொருளே. அதனை ஏற்க நமக்குத் தயக்கமில்லை.

1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மேதை லூயி பாஸ்டர் இறுதித் தீர்ப்பை எழுதினார். அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்த குழாயுடைய குடுவையில் சாற்றைக் காய்ச்சினார். காற்று உள்ளே போகலாம். தூசு வளைவிலேயே தங்கிவிடும். சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்தார், நுண்ணுயிர்கள் பெருகின. காற்றிலே மிதந்து வந்தவைதாம் அவை. சாறு ஈன்றவை அல்ல.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. வேர்வையிலிருந்து பேன் பிறக்கும் என்று கூறிவந்த வாய்களே, "உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று பாஸ்டர் மெய்ப்பித்துவிட்டார்; எனவே முதல் உயிரை ஆண்டவனே படைத்திருக்க வேண்டும்" என்று பேசத் தொடங்கின! பாஸ்டர் சோதித்தது என்ன? காய்ச்சிய சாற்றை, சில நாட்கள், சில மாதங்கள், இன்றைய பூமியில். அவர் சோதிக்காதது என்ன? உயிர்க்காற்றே இல்லாதிருந்த பண்டைப் பூமியை, கோடிக்கணக்கான ஆண்டுகளில். ஒரு குடுவைச் சாறு புளிக்கவில்லை என்பதைக் கொண்டு ஓர் உலகத்தின் வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த நீதிமன்ற நெறி?

சார்லஸ் டார்வின் 1871-ஆம் ஆண்டில் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய மடலில் இதனைத் தொட்டார். வெதுவெதுப்பான ஏதோ ஒரு சிறு குட்டையில் அம்மோனியா, பாஸ்பேட் உப்புக்கள், ஒளி, வெப்பம், மின்சாரம் ஆகியவை கூடி ஒரு புரதப் பொருள் உருவாகியிருக்கலாம் என்று எண்ணினார். இன்று அப்படி உருவாவதை ஏன் காண்கிலோம் என்பதற்கும் அவரே காரணம் தந்தார்: இன்று உருவானால், இருக்கும் உயிர்கள் உடனே அதனை உண்டுவிடும்!

அதற்கும் முன்பே கோட்டையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. உயிர்ப் பொருள்களை உயிர்தான் உண்டாக்க முடியும். அதற்கென ஒரு தனி உயிராற்றல் உண்டு என்று வேதியியலாரே நம்பிய காலம் அது. 1828-இல் ஜெர்மானியர் பிரடெரிக் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை, சிறுநீரகம் எதுவுமின்றி, ஆய்வுக் கூடத்து உப்புக்களிலிருந்து ஆக்கினார். இன்று நம் உழவர் மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் இடும் அதே யூரியா! அன்றே உயிராற்றல் கொள்கை மடிந்துவிட்டது என்று கூறுவது மிகை. ஆயின், உயிர்ப் பொருளுக்கும் உயிரற்ற பொருளுக்கும் நடுவே எழுப்பிய மதில் தகர முடியாத மதில் அன்று என்பது தெரிந்துவிட்டது.

மதிலுக்கு அப்பால் செல்ல வழி காட்டியவர் இருவர். 1924-இல் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஓபாரின் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1929-இல் இங்கிலாந்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். பண்டைப் பூமியின் காற்றில் உயிர்க்காற்று இல்லை. கதிரொளியும் மின்னலும் எளிய வாயுக்களைப் பிணைத்து உயிர்ப் பொருள்களை ஆக்கின. அவை கடலில் சேர்ந்து திரண்டன. அத்திரளிலிருந்து உயிர் எழுந்தது - இதுவே இருவரும் தனித்தனியே கண்ட கருத்து. ஹால்டேன் கட்டுரையை வெளியிட்ட ஏடு எது தெரியுமா? பகுத்தறிவாளர் நடத்திய ஆண்டு மலர்! சிற்றேடுகளில் எழுதி என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் இதனை நெஞ்சில் இருத்துக. அந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் இந்நாட்டுக் குடிமகனாகவே ஆனார். 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். தம் உடலையும் எரிக்கவோ புதைக்கவோ விடாமல், காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் ஆய்வுக்கென எழுதி வைத்தார்.

கருத்து கருத்தாகவே நின்றிருந்தால் அதனை ஊகம் என்று ஒதுக்கலாம். அதனைச் சோதனைக்கு இழுத்து வந்தவன், ஆம், ஒரு மாணவன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்டான்லி மில்லருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் ஹெரால்டு யூரே முதலில் தயங்கினார், பின்னர் இசைந்தார். 1952-இல் கண்ணாடிக் கலங்களை இணைத்து, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அவற்றுள் சுழலவிட்டு, மின்னலுக்கு மாற்றாக மின்பொறியைப் பாய்ச்சினான் அம்மாணவன். நீர் இளஞ்சிவப்பாகி, ஒரு வாரத்தில் கருஞ்சிவப்பாயிற்று. அதனைப் பிரித்துப் பார்த்தபோது, புரதங்களைக் கட்டும் செங்கற்களாகிய அமினோ அமிலங்கள் - கிளைசின், அலனின் முதலியவை - இருந்தன! முடிவு 1953 மே மாதத்தில் வெளிவந்தது. கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம், பெருமை மாணவனுக்கே சேரட்டும் என்றார் யூரே. சீடனின் கட்டைவிரலைக் கேட்ட குருவின் கதையைப் போற்றும் நாடு, இந்தக் குருவையும் அறிந்துகொள்ளட்டும்!

குடுவைக்குள் கிடைத்தது செங்கல், வீடு அன்று. இதை மறைத்துப் பேசுவோன் பகுத்தறிவுக்குப் பகைவன். மேலும், பண்டைக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் மில்லர் கருதிய அளவு இருந்திருக்குமா என்று பின்னாளில் அறிவியலாரே ஐயுற்றனர். கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்றனர் பலர். மில்லர் 2007-இல் மறைந்தார். அவர் 1950-களில் மூடி வைத்த சிறு குப்பிகளை அவருடைய மாணவர் ஜெப்ரி பாடாவும் தோழர்களும் திறந்து, புதிய கருவிகளால் ஆராய்ந்தனர். எரிமலை ஆவியைப்போல் நீராவி பாய்ச்சிய ஒரு சோதனையின் எச்சத்தில் மட்டும் 22 அமினோ அமிலங்களைக் கண்டு, 2008-இல் அறிவித்தனர். ஐயுறுவதும், மீண்டும் திறந்து பார்ப்பதும் - இதுதான் அறிவியலின் வழிபாடு!

"குடுவையில் நடந்தது இயற்கையில் நடக்குமா?" என்போர்க்கு வானமே விடை தந்தது. 1969 செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதனுள் அமினோ அமிலங்கள் இருந்தன. மனிதர் கைபட்டு ஒட்டியவை அல்லவா என்று கேட்கலாம். உயிரினங்களின் புரதங்களில் உள்ளவை 'இடக்கை' வடிவின. அக்கல்லிலோ இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சரிபாதி. எனவே கைக்கறை அன்று; விண்வெளி வேதியியலின் விளைவு. அதனை ஆராய்ந்து 1970-இல் உலகுக்கு உரைத்த குழுவில் முன்னின்றவர்களில் ஒருவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்றவர். சென்னையில் தத்துவம் கற்றவர், "உயிர் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியை ஏட்டிலே தேடி ஓயாமல், வேதியியல் பயின்று, விண்கல்லை உடைத்து விடை தேடினார்!

இனி உயிரணுவுக்கு வருவோம். மிக எளிய உயிரணுவுக்கும் மூன்று வேண்டும்: உள்ளையும் வெளியையும் பிரிக்கும் ஒரு சவ்வு, தன்னைப்போல் பிறிதொன்றை ஆக்கும் குறிப்பேடு, வேலை செய்யும் நொதி. இவை மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடின என்றால் நம்ப இயலாதுதான். அப்படி எந்த அறிஞனும் கூறவில்லை.

சவ்வு எப்படி வந்தது? சவர்க்காரத்தைப் போன்ற கொழுப்பமில மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை நீரை வெறுக்கும். அவற்றை நீரிலிட்டால், வெறுக்கும் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நாடும் முனைகள் வெளியே நோக்கி, தாமே சிறு பைகளாய் மூடிக்கொள்ளும். ஆணையிட எவரும் வேண்டா. இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பார் 1960-களில் உயிரணுக் கொழுப்பைக்கொண்டு இத்தகைய பைகளைக் காட்டினார். 1985-இல் அமெரிக்கர் டேவிட் டீமர், அதே மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களே நீரில் நுண்பைகளாய்த் திரள்வதைக் காட்டினார். வானத்துக் கல்லிலும் சவ்வுக்கான சரக்கு இருந்தது!

குறிப்பேடும் நொதியும்? இங்கேதான் பழைய 'கோழியா முட்டையா' வழக்கு. டி.என்.ஏ. என்னும் குறிப்பேட்டைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தை ஆக்க டி.என்.ஏ. வேண்டும். எது முந்தியது? "பார்த்தீரா, இரண்டையும் ஒருங்கே படைக்க ஒருவன் வேண்டும்" என்று துள்ளினர் ஆத்திக அன்பர். துள்ளல் நீடிக்கவில்லை. 1982-இல் தாமஸ் செக்கும், 1983-இல் சிட்னி ஆல்ட்மனும், ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு குறிப்பேடாக இருப்பதோடு நொதியாகவும் தொழில் புரியும் என்று கண்டனர். 1989-இல் நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது. கோழியும் முட்டையுமாய் ஒரே பொருள்!

நம் உடலில் இன்றும் அதன் சான்று உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் புரதத்தைக் கட்டும் தொழிற்சாலை ரைபோசோம். 2000-ஆம் ஆண்டில் அதன் உருவம் அணு அணுவாய்த் தெரிந்தபோது, அமினோ அமிலங்களைப் பிணைக்கும் அதன் நடுவிடத்தில் இருப்பது புரதம் அன்று, ஆர்.என்.ஏ.வே என்பது விளங்கிற்று. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றோர் மூவர்: தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பின்னவர் பிறந்த ஊர் சிதம்பரம்! திரையை விலக்கினால் வெறுவெளி. அதுவே இரகசியம் என்று காட்டும் ஊரில் பிறந்தவர், உயிரின் உள்ளறைத் திரையை விலக்கியோருள் ஒருவரானார். அங்கே வெறுவெளி இல்லை, வேலை நடக்கிறது. அதை எவரும் படம் பார்த்துச் சரிபார்க்கலாம், தட்சிணை வேண்டா.

அந்த ஆர்.என்.ஏ.வின் கூறுகள் தாமே உருவாகுமா? சருக்கரையையும் காரப் பொருளையும் தனித்தனியே ஆக்கிப் பிணைக்க முயன்ற வேதியியலார் பல்லாண்டு தோற்றனர். 2009-இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லண்டும் தோழர்களும், இரண்டையும் தனித்தனியே ஆக்காமல், இடைப் பொருள்கள் வழியே ஒரு புதிய பாதை வகுத்து, நான்கு கூறுகளில் இரண்டை ஆக்கிக் காட்டினர். நேர்வழி அடைந்திருந்தால் சுற்று வழி தேடுவது அறிஞன் இயல்பு; வழியில்லை என்று கோயில் கட்டுவது பூசாரி இயல்பு.

இனி, சவ்வையும் ஆர்.என்.ஏ.வையும் ஒன்று சேர்க்கும் முயற்சி. பாஸ்டனில் ஜாக் சோஸ்டாக் நடத்திய ஆய்வுக் கூடம் இதில் முன்னின்றது. மாண்ட்மோரிலோனைட் என்னும் ஒருவகைக் களிமண்ணை இட்டால், கொழுப்பமிலப் பைகள் விரைந்து உருவாகின்றன. களிமண்ணில் ஒட்டிய ஆர்.என்.ஏ.வும் பைக்குள் அகப்படுகிறது என்று 2003-இல் அக்குழு காட்டிற்று. அப்பைகள் மேலும் கொழுப்பமிலத்தை உண்டு வளர்ந்தன; நுண்துளைகள் வழியே அழுத்திச் செலுத்தினால் சிறு பைகளாய்ப் பிரிந்தன. 2004-இல் மற்றொன்று: உள்ளே ஆர்.என்.ஏ. நிறைந்து விம்மிய பைகள், வெறும் பைகளின் கொழுப்பமிலத்தைத் தம்பால் ஈர்த்து வளர்ந்தன. வெறும் பைகள் சுருங்கின. உயிரற்ற பைகளிடையே போட்டி! இயற்கைத் தேர்வின் முதல் நிழல் அது.

பிறகு ஒரு முட்டுக்கட்டை. ஆர்.என்.ஏ. படியெடுக்க மக்னீசியம் வேண்டும். அந்த மக்னீசியமோ கொழுப்பமிலச் சவ்வைக் கிழித்துவிடும். குறிப்பேடு பிழைத்தால் வீடு இடியும். வீடு நின்றால் குறிப்பேடு முடங்கும். பத்தாண்டு அளவில் முட்டி மோதிய இச்சிக்கலை, 2013-இல் கட்டார்சினா ஆடமாலாவும் சோஸ்டாக்கும் தளர்த்தினர். எதனால்? எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பால்! அது மக்னீசியத்தைத் தழுவிக்கொள்ள, சவ்வும் பிழைத்தது. படியெடுப்பும் ஓரளவு நடந்தது. நம்மவர் கண்ணேறு கழிக்க வாசலில் கட்டித் தொங்கவிடும் அதே எலுமிச்சை! ஒரே கனி; ஓரிடத்தில் அச்சத்தின் காவலாள், மற்றோரிடத்தில் அறிவின் கருவி.

இதுவரை நடந்தது கூறினேன். இனி நடவாதது. கேட்டுக்கொள்க, மேடை ஏறும் தோழர்களே! உயிரற்ற வேதியியல் பொருள்களிலிருந்து தொடங்கி, தானே உண்டு, வளர்ந்து, படியெடுத்துப் பெருகும் ஓர் உயிரணுவை எந்த ஆய்வுக் கூடமும் இன்றளவும் ஆக்கவில்லை. புரத நொதியின் துணையின்றி நீண்ட ஆர்.என்.ஏ.வை முழுமையாகப் படியெடுப்பது இன்னும் கைகூடவில்லை. குறிப்பேட்டின் எழுத்துக்கும் புரதத்தின் அமினோ அமிலத்துக்கும் உள்ள உறவு எப்படி ஏற்பட்டது என்பதும், இடக்கை வடிவம் மட்டும் எப்படி நிலைத்தது என்பதும் வழக்கில் உள்ளன. உயிர் தோன்றிய இடம் நிலத்துக் குட்டையா, 1977-இல் முதன்முதல் கண்ட ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுக்களைப் போன்ற இடமா என்பதில் அறிஞர் இரு அணியாய் நிற்கின்றனர். 2010-இல் கிரெய்க் வென்டர் குழுவினர் ஒரு நுண்ணுயிரின் முழுக் குறிப்பேட்டையும் செயற்கையாய் எழுதி உயிர்ப்பித்தனர், உண்மை. ஆயின் அக்குறிப்பேட்டைப் புகுத்தியது முன்பே உயிரோடிருந்த ஓர் அணுவுக்குள்! 2016-இல் அதனைக் குறைத்துக் குறைத்து 473 மரபணுக்களில் நிறுத்தினர். அவற்றுள் 149-இன் பணி என்னவென்று அப்போது அவர்களுக்கே விளங்கவில்லை. அவர்கள் அதனை மறைக்கவில்லை, எண்ணிக்கையோடு அச்சிட்டனர்.

இந்த நேர்மைக்கு ஒரு மூதாதை உண்டு. டார்வினின் காவல்நாய் எனப் பெயர்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லி, 1868-இல், ஆழ்கடல் சேற்றில் உயிரின் மூலப்பொருளே கிடைத்துவிட்டது என்று கருதி, அதற்குப் 'பேதிபியஸ்' என்று பெயரும் சூட்டினார். நாத்திக உலகம் மகிழ்ந்தது. பின்னர், 'சாலஞ்சர்' என்னும் கப்பலில் சென்ற ஆய்வாளர், அது உயிரன்று. சேற்றைப் பாதுகாக்க ஊற்றிய சாராயம் கடல்நீரோடு கலந்து படிந்த உப்பு என்று கண்டனர். ஹக்ஸ்லி என் செய்தார்? சாபமிட்டாரா? உரை எழுதி உட்பொருள் கண்டாரா? 1875-இல் ஊரறியத் தம் பிழையை ஒப்பினார். பிழை படாத நூல் என்று எதையும் வணங்குவோர்க்கு இந்த வீரம் வாய்க்காது. நம் அணியில் நிற்போர்க்கோ இது கட்டாயக் கடமை.

இனி எதிர்வாதங்கள். "பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி வீசினால் போயிங் விமானம் உருவாகிவிடுமா?" என்று வானியல் அறிஞர் பிரெட் ஹாயில் 1980-களில் கேட்டதை இன்றும் திருப்பிக் கேட்கின்றனர். ஆகாது! முழு உயிரணுவும் ஒரே சூறாவளியில் உருவாயிற்று என்று எவரேனும் கூறினால் அவர் பதில் சொல்லட்டும். இரும்புத் தகடுகள் ஒன்றையொன்று நாடா. கொழுப்பமிலம் நாடும், ஆர்.என்.ஏ.வின் எழுத்துக்கள் தம் இணையை நாடும். ஒவ்வொரு படியும் முன்படியின் மேல் எழும். நின்றது நிலைக்கும், நில்லாதது கரையும். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுகட்கு முன்பே உயிரின் தடங்கள் பாறையில் உள்ளன. இடையில் கிடந்த காலம் ஒரு வார மின்பொறி அன்று. கோடிக்கணக்கான மழையும் வெயிலும்.

"சோதனை செய்தவன் அறிவுள்ளவன்தானே? எனவே உலகைச் செய்தவனும் ஓர் அறிவாளன்" என்பது அடுத்த வாதம். குளிர்ப்பெட்டியில் ஒருவன் நீரைப் பனிக்கட்டி ஆக்கினான் என்பதற்காக, இமயப் பனியை ஆக்க அங்கே ஒரு குளிர்ப்பெட்டி வியாபாரி இருந்தான் என்பீரா? ஆய்வாளன் புதிய விதி எதையும் படைப்பதில்லை. இருக்கும் விதியை ஒரு மூலையில் தூண்டிப் பார்க்கிறான். ஆயினும் இவ்வாதத்தில் ஓர் அரிசிமணி உண்மை உண்டு: தூய பொருள்களை எடுத்து, வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் சேர்ப்பது குட்டையில் நடவாது. இக்குறையை முதலில் எடுத்துக் கூறுவோர் அத்துறை வேதியியலாரே. மனிதக் கையைக் குறைத்து இயற்கையின் கையைக் கூட்டுவதே அவர்தம் அடுத்த உழைப்பு. ஆத்திகர் அக்குறையைக் கண்டு கைகூப்புகிறார். ஆய்வாளர் கைச்சட்டையை மடித்துக்கொள்கிறார். வேறுபாடு அவ்வளவே!

"இன்னும் முடியவில்லையே, எனவே என்றும் முடியாது" என்பது கடைசி வாதம். 'இன்னும்' என்ற சொல்லை 'என்றும்' என்று திரித்துப் படிப்பதுதான் புரோகிதத்தின் தொழில் இரகசியம். புழுவின் வழக்கில் தோற்றனர், யூரியாவில் தோற்றனர், அமினோ அமிலத்தில், சவ்வில், கோழி-முட்டையில் தோற்றனர். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், "இதைக் கேட்கவில்லை, அடுத்ததைக் கேட்டோம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடைவெளியில் போய் விரிக்கின்றனர். நாளுக்கு நாள் ஒடுங்கும் இடுக்கில் உட்கார வைப்பதற்கா ஓர் இறைவன்? இது அவர்தம் இறைவனுக்கே இழிவன்றோ?

"இதெல்லாம் ஆய்வுக் கூடத்துப் பேச்சு, சோற்றுக்கும் சாதிக்கும் இதனால் என்ன?" என்று கேட்கும் தோழர்க்கும் ஒரு சொல். பிறப்பைப் பற்றிய கதைகளே இந்நாட்டில் மனிதனை மனிதன் மிதிக்கச் சட்டமாயின. முகத்தில் ஒருவன் பிறந்தான், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன் என்ற கதை கதையாக நிற்கவில்லை. கிணற்றடியிலும், கோயில் வாசலிலும், கல்விக் கூடத்திலும் காவல் நின்றது. உயிரணு கூறும் கதை வேறு. அர்ச்சகர் உடலிலும் அவரால் விலக்கப்பட்டோர் உடலிலும், அவர்கள் நடந்த தெருவின் வேம்பிலும், வேரடி மண்ணின் நுண்ணுயிரிலும் ஒரே ரைபோசோம். ஏறத்தாழ ஒரே குறிப்பேட்டு எழுத்து. அனைத்தும் ஒரு பழங்குடியின் வழிவந்தவை. நம் பிறப்பின் உண்மை வரலாறு தெரியத் தெரிய, பிறப்பால் உயர்ந்தோன் என்பானின் பட்டயம் செல்லாக் காசாகிறது. அதனால்தான் இந்த ஆய்வு நமக்கு வெறும் வேதியியல் அன்று.

இளைஞனே! நாளை மேடையில், "உயிரைப் படைத்துக் காட்டுவாயா?" என்று வேல் வீசுவோர் வருவர். அஞ்சாதே, அளக்கவும் செய்யாதே. "முழு உயிரணுவை இன்னும் ஆக்கவில்லை. அதன் செங்கற்களை ஆக்கியுள்ளோம், சவ்வு தானே திரளக் கண்டுள்ளோம், ஆர்.என்.ஏ. தொழில் புரியக் கண்டுள்ளோம்; சவ்வும் ஆர்.என்.ஏ.வும் ஒருங்கே பிழைக்க ஒரு வழி கண்டுள்ளோம். எது தெரியவில்லை என்ற பட்டியலும் எம் கையில் உண்டு. உம் பட்டியலைக் காட்டுக" என்று கேள். அவர் கையில் பட்டியல் இராது, பதிகம் இருக்கும்.

"தெரியாது" என்று தலைநிமிர்ந்து சொல்லத் துணிவு வேண்டும். அப்படிச் சொன்னவன் வீட்டுக்குப் போய் உறங்கிவிடாமல், அதனைத் தெரிந்துகொள்ளப் புறப்படும் துணிவு அதனினும் பெரிது. 1952-இல் இருபத்திரண்டு வயது மாணவன் ஒருவன் புறப்பட்டான். உன் ஊர்ப் பள்ளியில் ஆய்வுக் கூடம் பூட்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பார். பூட்டியிருந்தால், அதனைத் திறக்கச் சொல்லிப் போராடு. திறந்திருந்தால் உள்ளே போ. எஞ்சிய இடைவெளி அங்கேதான் காத்திருக்கிறது.